இன்னும் பறந்துகொண்டிருக்கிறவன்

இந்நேரம் அவன் அரபிக்கடலுக்கு மேலே இருக்கவேண்டும். லண்டனில் ஏறி, விடிய விடியப் பறந்து, கொஞ்ச நேரத்தில் மும்பையில் இறங்கி, அங்கே காத்துக் கிடந்து, சின்ன விமானம் ஒன்றைப் பிடித்துச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயமுத்தூர் வந்துசேர வேண்டும். அக்கா மேகலாவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். ஆனால் நந்தகுமார் அவிநாசி ரோட்டில், அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே இருந்த பேக்கரியில், முழங்கால்களுக்கு நடுவே ஒரு பெட்டியை இடுக்கிக்கொண்டு மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். டீ ஆறி ஏடு படிந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ் வரிசைக்கு மேலே ஓர் ஈ நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. உள்ளே இரண்டு பழைய ஸ்வெட்டரும் ஒரு தலையணையும்தான். வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் மச்சான் கண்டுபிடித்துவிடுவார் என்று காலையில் தலையணையைத் திணித்திருந்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், மகன் தலையணையை எப்படி மடித்தால் கனமாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். “பொட்டிய அந்தப் பக்கமா தள்ளி வைங்ணா, கால் தட்டுது” என்றார் பேக்கரிக்காரர். தள்ளி வைத்தான். “ஊருக்குங்ளாண்ணா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். இவரிடம்கூடவா? முன்பின் தெரியாத மனிதர், இவரிடமாவது இல்லை, ஊருக்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பழக்கமாகிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் எது சுலபமோ அதற்குத் தலை தானாக ஆடிவிடுகிறது.

நேற்றுக் காலையில் போன் வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இதே கோயமுத்தூரில், சரவணம்பட்டியில் அவன் வேலை பார்க்கிற சின்ன கம்பெனியில் இரவு முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் புகார்களுக்குப் பதில் தட்டவேண்டும், பகலில்தான் தூக்கம். அவனுடைய பழைய கனடா நம்பரில்தான் அக்கா கூப்பிட்டாள், அந்த நம்பரை அவன் இன்னும் உயிரோடு வைத்திருந்தான். “நந்து, அப்பாவுக்கு நெஞ்சு வலி. மில்லுலயே உக்காந்துட்டாரு. தாராபுரத்துல பாத்துட்டு உடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. இப்ப கோயமுத்தூர்லதான் இருக்கறோம்.” அக்கா அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் தன் மனம் எங்கே போனது என்பதை நேற்றிலிருந்து எத்தனை தடவை திருப்பிப் பார்த்துவிட்டான். அப்பாவிடம் போகவில்லை. அப்பாவின் முகம்கூட வரவில்லை. கோயமுத்தூர் என்று அவள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஐயோ, இங்கேயா, இவ்வளவு பக்கத்திலா, யாராவது பார்த்துவிட்டால் என்று ஓடியது. திருடன் நுழைந்த வீட்டில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி. அடுத்தபடியாகத்தான் அப்பா வந்தார், புருவத்திலும் காது மடலிலும் மாவு படிந்த முகத்தோடு, மிளகாய் அரைக்கும்போது மட்டும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு. முதலில் பயந்தது எனக்காக. அதற்குப் பிறகுதான் அவருக்காக. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு மூச்சை எதைக்கொண்டும் அடைக்க முடியவில்லை.

“எப்ப வர முடியும்?” என்று அக்கா கேட்டாள். டிக்கெட் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் விமான தூரம் சொல்கிற பக்கம் ஒன்று வந்தது. வான்கூவர் என்று அடித்தான், கோயமுத்தூர் என்று அடித்தான். வரைபடத்தில் ஒரு பச்சைக் கோடு கிளம்பி வட துருவத்துப் பக்கமாக வளைந்து, ஆள் நடமாட்டமில்லாத பனிக்காடுகளைத் தாண்டி வந்து இங்கே குத்தி நின்றது. பதிமூன்றாயிரம் கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் பறந்தால் பதினாறு மணி நேரம், அப்படி ஒரு விமானம் கிடையாது, மாறி மாறி வந்தால் முப்பது வரை ஆகலாம். அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு லேசானது. அதை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. எந்தப் பிள்ளையும் தூரம் குறைவாக இருக்கக்கூடாதா என்றுதான் ஏங்கும். அவன் அது பெரிதாக இருந்ததில் சந்தோஷப்பட்டான். முப்பது மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று, யாரோ கொடுத்த லீவு மாதிரி. இருபத்து நான்கு மணி நேரத்தில் வந்து சேருகிற வழியும் அந்தப் பக்கத்தில் இருந்தது. வேண்டாம், அவ்வளவு சீக்கிரம் டிக்கெட் கிடைத்தது என்றால் மச்சான் நம்பமாட்டார் என்று நீளமான வழியைத் தேர்ந்தெடுத்தான். லண்டன், மும்பை, கோயமுத்தூர். நம்பும்படியாக. அதற்குப் பிறகு அறைக்குள்ளேயே நடந்தான். படுத்தான். எழுந்தான். பசித்தது, பசித்ததற்காக வெட்கப்பட்டான், சாப்பிட்டான். அரை மணி நேர தூரத்தில் அப்பா இருக்கிறார், அவரைப் பார்க்க ஒரு கடலையும் பாலைவனங்களையும் தாண்டவேண்டும், தாண்டுகிற வேலை சும்மா உட்கார்ந்திருப்பது.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது. கனடாவில் வேலை போனது, தங்குகிற பெர்மிட் முடிந்தது, எட்டு மாதத்துக்கு முன்னால் இதே பெட்டியோடு பீளமேடு விமான நிலையத்தில் இறங்கியபோது நேரே வீட்டுக்குத்தான் கிளம்பினான். சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டான். அப்போதுதான் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தெருவில் பேனர் கட்டியிருந்தார்கள், ஓரமாக அவன் போட்டோ, கீழே நந்தகுமார், கனடா என்று போட்டிருந்தது. பேனருக்குப் பக்கத்தில் அப்பா வெள்ளைச் சட்டையில், மாவு இல்லாத முகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மாவரைக்க வருகிற ஒவ்வொருவரிடமும் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் அவர் பேசுவார், “என்ற பையன் வான்கூவர்ல இருக்கறானுங்க” என்று. கத்திச் சொன்ன ஒன்றை எப்படி மெதுவாகத் திருப்பி வாங்குவது? அந்த பேனர் இருக்கிற தெருவுக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை. கும்பாபிஷேகம் முடியட்டும், பேனரைக் கழற்றட்டும், இரண்டு வாரம்தானே என்று கண்டக்டர் வருவதற்குள் இறங்கிவிட்டான். பேனரைக் கழற்றினார்கள். அதற்குள் இரண்டு வாரமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து. வட்டம் பெரிதாகப் பெரிதாக உள்ளே நுழைய இடம் தெரியவில்லை. வீடியோவில் பேசும்போது ஃபேனை நிறுத்துவான், ஸ்வெட்டர் போட்டுக்கொள்வான், உள்ளே வேர்வை முதுகில் ஓடி இடுப்பில் தேங்கும். ஒரு தடவை பழைய இரும்பு, பேப்பர் வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியோடு ஜன்னலுக்குக் கீழே போனது. “அதென்ன சாமி சத்தம்?” என்று அம்மா கேட்டாள். ஊர் ஞாபகம் வந்தால் இந்த மாதிரி வீடியோவெல்லாம் போட்டுக் கேட்பேன் என்றான். அம்மா அன்றைக்கு முழுக்க அழுதாளாம். இரும்புக்காரன் சத்தத்துக்கு ஏங்கிப் போய்க் கிடக்கிறானே பையன் என்று. அக்காதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். எந்த மாடி, எந்த ஜன்னல் என்று தெரியாது. கேட்டிருக்கலாம், விமானத்தில் இருப்பவனுக்கு மாடி எதற்கு என்று கேட்கவில்லை. காலையிலிருந்து போனில் நெட்டை நிறுத்தி வைத்திருந்தான், அக்கா அனுப்புகிற செய்தி சேர்ந்துவிட்டதாக இரண்டு டிக் விழுந்துவிடுமே என்று. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் அப்பா இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஒருவேளை காலையிலேயே எல்லாம் முடிந்து, பறந்துவருகிற பிள்ளைக்கு நடுவானில் சொல்லவேண்டாம் என்று வைத்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் எழுந்தான். எழுந்தவன் நின்றான். போய் என்ன சொல்வது என்று உட்கார்ந்தான். முடிந்திருந்தால் வாசலில் அம்மா அழுதுகொண்டு நிற்பாள், நிற்கவில்லை, அதனால் முடிந்திருக்காது. இப்படி ஒரு கணக்கைப் போட்டு மனம் சமாதானமானதும் அதையும் அவன் வேடிக்கை பார்த்தான், எவனோ ஒருவனைப் பார்க்கிற மாதிரி. அப்போதுதான் வாசலில் நிஜமாகவே அம்மா வந்து நின்றாள்.

பச்சைச் சேலை. கையில் கட்டைப் பை. செருப்பு யாருடையதோ, காலுக்குப் பெரிதாக இருந்தது. ரோட்டின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரோ நாலு பேர் கடக்கும்போது அவர்களோடு ஒட்டிக்கொண்டு நடு ரோட்டில் நிற்கிற மேம்பாலத் தூண்கள் வரைக்கும் வந்தாள். அங்கிருந்து பேக்கரியைப் பார்த்தாள். இங்கேதான் வருகிறாள். அவன் உடம்பு அவனைக் கேட்கவில்லை. பெட்டியை மேசைக்கு அடியில் காலால் தள்ளி, கடையின் உள்கோடியில் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, எட்டு மாதமாகப் போனிலேயே கேட்ட குரல், போனைவிட மெல்லிசாக. “டீ ஒண்ணு பார்சல் குடுங் தம்பி. ஒரு தேங்கா பன்னு.” காசைத் தேடுகிற சத்தம். “பன்னு நல்லாருக்குமுங்களா? என்ற பையன் ஊருல இருந்து வந்துட்டிருக்கானுங்க. கனடா. ஏரோப்ளேன்ல உக்காந்து வந்துட்டே இருக்கறான் நேத்துல இருந்து. அவனுக்கு இது ரொம்பப் பிடிக்குமுங்க.” பேக்கரிக்காரர் பன் இன்றைக்குப் போட்டதுதான் என்றார். “ஏனுங் தம்பி, கனடால இருந்து வர எத்தன நேரமாகுமுங்க?” “அது ஒரு நாள் ஆகுங்கம்மா. மேலயே ஆகும்.” “அத்தன நேரமும் உக்காந்தே வரோணுமா? காலெல்லாம் வீங்கிப் போயிருமல்லொ. அவங்கப்பா இப்பிடிக் கெடக்கறாருன்னு தெரிஞ்சு, மேல ஆகாசத்துல ஒத்தையில உக்காந்துட்டு என்ன பாடு படறானோ. நாங்களாச்சும் ஒருத்தருக்கொருத்தரு இருக்கறோம்.” குழாயை மூடினால் சத்தம் நின்றுவிடும், திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் மூடவில்லை. கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது, அதில் தன் முகம் தெரிந்தது, அதையும் பார்க்க முடியாமல் குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினான். கழுவின விரலையே மறுபடி கழுவினான். “தண்ணிய நிறுத்துங்ணா, டேங்க் காலியாயிரும்” என்று பேக்கரிக்காரர் கத்தியபோது அம்மா படி இறங்கியிருந்தாள்.

ஒரு கையில் டீயும் மறு கையில் பையுமாக ரோட்டோரத்தில் நின்றாள். இப்போது சேர்ந்து கடக்க யாரும் இல்லை. தாராபுரத்தில்கூட அம்மா பெரிய ரோட்டைத் தனியாகக் கடக்கமாட்டாள், சின்ன வயதில் அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான், பிடித்தால் விரல் வலிக்கிற மாதிரி இறுக்குவாள். ஒரு அடி வைத்தாள், ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது, பின்வாங்கினாள். மறுபடி இரண்டு அடி. கார் ஒன்று வளைந்து அவள் சேலையை உரசுகிற மாதிரி போனது, டீ கொட்டியது, கையை உதறினாள். நந்தகுமார் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அம்மா என்று கூப்பிட வாய் திறந்துதான் இருந்தது. பத்து அடி. ஓடிப்போய் கையைப் பிடித்தால் முடிந்தது. அடிபட்டு விழுந்தால் ஓடுவேன், விழாதவரைக்கும் ஓடவேண்டியதில்லை என்று எங்கேயோ உள்ளே ஒரு குரல் நியாயம் பேசியது, அது தன் குரல்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு ஸ்கூட்டர்க்காரர் வண்டியை நிறுத்தி, கையைக் காட்டி மற்ற வண்டிகளையும் நிறுத்தி, “போங்கம்மா” என்றார். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பெரிய செருப்பை இழுத்து இழுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். முகம் தெரியாத ஸ்கூட்டர்க்காரர். அவருக்கு என்ன வந்தது? அவர் எங்கிருந்து வருகிறேன் என்று யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மும்பையில் இறங்கியாக வேண்டிய நேரம் ஆகியிருந்தது. போனில் நெட்டைப் போட்டான். அக்காவின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. படிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள். “எறங்கிட்டயா?” “இப்பத்தான் அக்கா. மும்பை.” “ஒரே சத்தமா இருக்குது?” “ஏர்போர்ட்ல கூட்டம்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே டவுன்பஸ் ஒன்று பேக்கரிக்கு முன்னால் வந்து நின்று, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு “காந்திபுரம் காந்திபுரம் காந்திபுரம்” என்று கூவினார். போனைக் கையால் பொத்தினான், பொத்துவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, “அங்கயும் காந்திபுரம் இருக்குதா நந்து?” என்றாள். அவன் பதிலுக்கும் அவள் நிற்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். “நாளைக்குன்னு சொன்ன ஆப்ரேசன இன்னிக்கே வெச்சுட்டாங்க. மூணு மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. காலையில இருந்து உன்னத்தான் கேட்டுட்டு இருக்கறாரு. மூணாவது மாடி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டை எப்படிக் கடந்தான் என்று தெரியாது. லிப்டுக்கு நிற்கப் பொறுக்காமல் படியேறினான். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி காலைத் தடுக்கியது. அந்த பஸ் வராமல் இருந்திருந்தால் வந்திருப்பாயா? மூன்று மணி என்று தெரிந்தும் ஆறு மணிவரைக்கும் பேக்கரியில் உட்கார்ந்திருப்பாயா? வந்திருப்பேன் என்று சொல்லிப் பார்த்தான். இரண்டாவது மாடியில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். நம்பவில்லை. அம்மா வண்டிகளுக்கு நடுவே நின்றபோது வராதவன் வேறு எதற்கு வந்திருப்பான். வராந்தாவில் நாற்காலிகளின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். நேரம் என்ன, விமானம் எப்போது, அதெல்லாம் அவள் கணக்கில் இல்லவே இல்லை. “வந்துட்டயா சாமி” என்று இரண்டு கையாலும் கன்னத்தைத் தடவினாள். “அந்தூர்க் குளிரு மொகத்தயே கறுக்க வெச்சிருச்சு பாரு.” கறுக்க வைத்தது சரவணம்பட்டி வெயில். முப்பது மணி நேரக் கணக்கு, லண்டன், மும்பை, தலையணை எல்லாம் யாருக்காக என்று அவனுக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. அம்மாவுக்குப் பின்னால் அக்கா நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

அப்பாவைத் தள்ளுபடுக்கையில் வைத்துக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பச்சை அங்கியில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். மாவு ஒரு பொட்டுக்கூட இல்லாத முகம், கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் கண்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. “ரெண்டு நிமிஷம்தாங்க” என்றாள் நர்ஸ். “நந்துவா?” என்றார் அப்பா. மணிக்கட்டைப் பிடித்தார், பிடியில் பலம் இல்லை. மோட்டாருக்கு மேலே கத்திப் பேசுகிற மனிதருக்கு இப்போது காற்றுதான் வந்தது. “எந்த வழியா வந்தே? பெரிய ப்ளேனா? சொல்லு சாமி. நீ சொல்லச் சொல்லக் கேட்டுட்டே உள்ள போயிடறேன்.” அவருக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கதவைத் தாண்டுவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கதை வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். கதை தயாராக இருந்தது. லண்டனில் மழை, மும்பையில் கூட்டம், ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை, நேற்றிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து அடுக்கி வைத்தது. எட்டு மாதமாகச் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் யாருக்காவது உதவுகிற பொய். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். “நான் ப்ளேன்ல வரலீங்கப்பா” என்றான். “நந்து” என்றாள் அக்கா. “ஆட்டோவுல வந்தனுங்க. சரவணம்பட்டில இருந்து. அங்க வேலை போயிருச்சுங்கப்பா. எட்டு மாசமா இங்கதான் இருக்கறேன்.”

அப்பா மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. நர்ஸ் ஏதோ பொத்தானை அமுக்கினாள். “சரவணம்பட்டியா?” என்றார். “ஆமாங்கப்பா.” “அங்கிருந்து இங்க வர எத்தன நேரம்?” “அரை மணி நேரமுங்க.” அவர் அதை மனதுக்குள் எங்கேயோ வைத்துப் பார்ப்பது தெரிந்தது. கோபம் வரும், அழுகை வரும், வேலை போனதைக் கேட்பார், பேனரை நினைப்பார், ஊரை நினைப்பார் என்று அவன் ஒவ்வொன்றுக்காகவும் காத்து நின்றான். அவர் தலையைக் கொஞ்சம் இவன் பக்கம் திருப்பினார். “அப்ப நேத்தே வந்திருக்கலாமல்லொ” என்றார். “நேத்து எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.” மணிக்கட்டை விட்டுவிட்டார். விட்டாரா, கை தானாக நழுவியதா, தெரியவில்லை. படுக்கையைத் தள்ளினார்கள், கதவு திறந்தது, கதவு மூடியது.

“இப்பச் சொல்லோணுமா அத?” என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். அவன் சுவரோடு நின்றான். அவள் கேட்டதைத்தான் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னது அப்பாவுக்காகவா, தன் முதுகில் இருந்ததை இறக்கி அவர் நெஞ்சின்மேல் வைக்கவா, அதுவும் வெட்டித் திறக்கப் போகிற நெஞ்சின்மேல்? உள்ளே ஏதாவது ஆனால் அது ரத்தக் குழாயால் ஆகாது, அவன் சொன்னதால் ஆகும், அம்மாவுக்கும் அக்காவுக்கும் மச்சானுக்கும் அது தெரியும். நேத்தே வந்திருக்கலாமல்லொ. நேற்று எந்நேரம் பயந்திருப்பார்? அவன் தூரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நேரத்திலா, வயிறு நிறையச் சாப்பிட்ட நேரத்திலா? நீளமான வழியைத் தேர்ந்தெடுத்தபோது? அந்த இரண்டு வரியை எப்படித் திருப்பினாலும் அதில் வேலை இல்லை, கனடா இல்லை, எட்டு மாதம்கூட இல்லை. மகன் ஊரை ஏமாற்றியது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நேற்று ஒரு நாள், அது ஒன்றுதான். அதை மட்டும்தான் திருப்பித் தர வழியில்லை. வராந்தாவில் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. மச்சான் சாப்பாடு வாங்கி வந்தார், யாரும் தொடாததால் ஓரமாக வைத்தார். அம்மா அவனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், கைகளை மடியில் வைத்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து ஜன்னலில் விமானம் ஒன்று பீளமேட்டுக்கு இறங்குவது தெரிந்தது. அதிலிருந்து யார் யாரோ இறங்குவார்கள், யார் யாரோ கூட்டிக்கொண்டு போக வந்திருப்பார்கள்.

டாக்டர் வந்தபோது நால்வரும் ஒன்றாக எழுந்தார்கள். நல்லபடியா முடிஞ்சதுங்க, நாளைக்குக் காலையில பாக்கலாம் என்று முகத்திரையை இறக்கிக்கொண்டே சொன்னார். அக்கா மச்சான் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதாள். நந்தகுமாருக்கு அழுகை வரவில்லை. நாளைக்குக் காலையில் அப்பா கண்ணைத் திறப்பார், அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும், அதற்கு எந்த ஊர் வழியாகவும் சுற்றிக்கொண்டு போக முடியாது. கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, “சரவணம்பட்டில எந்தப் பக்கம் இருக்கறே?” என்றாள்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலங்கம்மா. மாடியில ஒரு ரூமு.”

“தண்ணி வருதா?”

“வாரத்துல ஒருக்கா வருதுங்கம்மா” என்று சொல்லி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.